மணிமருந்தில் நிற்கும் கடற்பறவை

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையில், காயப்போடும் மேடை நிறைய மிளகு போல உருட்டிய மணிமருந்து கிடக்கிறது. அதன் நடுவில் ஒரு வெள்ளைப் பறவை நிற்கிறது. கோடை பிறந்ததும் கடற்கரைப் பக்கம் அபூர்வப் பறவைகள் வந்திறங்குவதாகச் செல்போனில் பார்த்த வேல்விழிக்கு, அதிலொன்று வழிதவறி வந்திருப்பது புரிகிறது. அதன் குட்டைக் கால்களில் ஒன்றில் யாரோ அடையாளத்துக்கு மாட்டிய இரும்பு வளையம் மினுங்குகிறது. உலோகம் உரசினால் மருந்து பற்றிக்கொள்ளும் என்று மெட்டியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே வந்திருக்கிறாள். மேடையோரம் குத்தவைத்திருக்கும் மதினி முருகம்மாள், மருந்தைக் கிளறிய கையை எடுக்கவும் பயந்து அப்படியே இருக்கிறாள். “விரட்டவா மதினி?” “வேணாம் தாயி, ஓடுச்சுன்னா உரசிரும். நீ மெல்ல வெளிய போயிரு. வீட்டுல பிள்ளைகளுக்கு ஒருத்தியாவது வேணும்.” வேல்விழிக்கு வெறுங்கால் சுடுகிறது, மதினியை விட்டுவிட்டு நகர முடியவில்லை. ஆலை வாசலில் வேன் ஒன்று ஹாரன் அடிக்கிறது. பறவை தலையைத் திருப்புகிறது. “பறந்து போயிரு ஆத்தா, உன்னக் கும்பிடுதேன்” என்று வேல்விழி உதட்டுக்குள் கெஞ்சுகிறாள். அதுவோ, கடல் தாண்டி வந்த களைப்பில், வளையமில்லாத காலை மெல்ல இறகுக்குள் இழுத்துக்கொள்கிறது. வளையக்காலை மருந்தில் ஊன்றிக் கண்ணை மூடுகிறது.