ஐவின் அடுக்கிய விறகு

கூரைமேல் நிற்கும் ஹால்வர், இரும்புக் குண்டு கட்டிய துடைப்பத்தைப் புகைபோக்கிக்குள் இறக்குகிறான். கீழே, புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்துவைத்து, வாளியோடு குந்தியிருக்கிறாள் அவன் மனைவி ராக்ன்ஹில். பொலபொலவென்று உதிர வேண்டிய கரி உதிரவில்லை. உறைந்த தார்போல் பளபளக்கும் இரண்டு சில்லுகள் மட்டும் வாளியில் விழுகின்றன. மிச்சம் சுவரோடு இறுகிக் கிடக்கிறது. “பச்ச வெறகையே போட்டு எரிச்சா இப்படித்தான்” என்று அவன் குரல் அந்த இருட்டு வழியாகவே இறங்குகிறது. “ஒரு பொறி பட்டா வீடே போயிரும். வெளியில காஞ்ச வெறகு மலையா கெடக்கு. தொடாதேன்னு நீதானே சொன்ன?”

“நீ மட்டும் தொட்டுட்டியாக்கும்?”

சன்னலுக்கு வெளியே பனி வெளிச்சத்தில் அந்த அடுக்கு தெரிகிறது. பட்டை மேலே பார்க்க, காற்று நுழைய இடைவெளி விட்டு, போன ஏப்ரலில் மகன் ஐவின் அடுக்கிய பிர்ச் மர விறகு. அடுக்கி முடித்த மறுவாரம் ஏரியின் பனிப்பாளம் உடைந்து அவனை விழுங்கிக்கொண்டது. துடைப்பம் மறுபடி இறங்குகிறது. ஒன்றும் விழவில்லை. ராக்ன்ஹில் எழுந்து வெளியே போகிறாள். மேல்வரிசையில் இரண்டு கட்டைகளை உருவி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்து எடுத்து வருகிறாள். கனமே இல்லை. ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறாள். கணீரென்கிறது. அடிக்கதவுக்குள் முகத்தை நீட்டி, “காஞ்சிருச்சு, ஹால்வர்” என்கிறாள். மேலே துடைப்பம் அசையாமல் தொங்குகிறது.