முதல் பந்தி

பெண்ணுரிமை மாநாட்டுச் சொற்பொழிவு கேட்டுவந்த வாத்தியார் வேதசிரோமணி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மனைவியோடு தம் வீட்டு விருந்துக்கு வந்த நண்பர் அருளப்பனைக் கூடத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"ஆம்பிள சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் பொம்பள பட்டினி கிடக்கணுமாம். இது பழக்கமில்ல ஓய், அதிகாரம்!"

"கோழிக்குழம்பு ஆறுது. சாப்பிட வாங்க," என்று மறுபடியும் அழைத்தாள் வாத்தியாரின் மனைவி இன்பம்.

"முக்கியமான விசயம் பேசுதோம். பொறு!"

அடுக்களையில் அருளப்பனின் மனைவி அன்னத்தாய்க்குப் பசியில் கண் இருட்டியது.

"நம்ம பசியப் பத்திப் பேசியே நம்மளக் கொல்லுதாக!" என்று இன்பம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருவழியாகப் பேச்சை முடித்துக்கொண்டு, "இலையப் போடு!" என்றபடி வேதசிரோமணி நண்பரோடு உள்ளே வந்தார்.

இன்பம் ஈரக்கையைத் துடைத்தாள்.

"நீங்க சொன்ன நியாயம் எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. நாங்க சாப்பிட்டாச்சு, பானையும் காலி. உங்களுக்கு இப்பத்தான் உலை வச்சிருக்கேன். அதுவரைக்கும் வேற ஏதாச்சும் அநியாயத்தப் பத்திப் பேசிக்கிட்டிருங்க."