அறுபது எம்.எம்.

"எனக்குக் கார் சாவி வேணும்ங்க. வாரத்துல ரெண்டே நாளு."

முத்தமிழ்செல்வன் வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே வைத்தான். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பூவிழிக்குத் தாலி ஏறுமுன்பே சொல்லி அனுப்பியிருந்தாள் அவள் அம்மா ஜெகதாம்பாள். "காரக் கேட்டுராத பாப்பா. குடுத்த சீரத் திருப்பிக் கேக்குற மாதிரி ஆயிடும்."

கார் பூவிழியின் அப்பா பஞ்சநாதன் வாங்கிக் கொடுத்தது. இப்போது அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. விக்கிரமங்கலம் தாண்டி, வாய்க்கால் மதகுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அரியலூருக்கு வந்து ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போக வேண்டும். வரும்போது எப்படியோ பஸ்ஸில் நின்றுவிடுகிறார். திரும்பும்போது முடியாமல் பஸ் ஸ்டாண்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்.

ஆச்சரியம், முத்தமிழ்செல்வன் கத்தவில்லை.

"அதுக்கென்ன, எடுத்துக்க. மொதல்ல வண்டிய அழகு பண்ணிடுவோம். வீலு நீதான் செலக்ட் பண்ணணும்" என்றான்.

மறுநாள் காலை, பெரம்பலூர் பைபாஸ் ஓரம் அன்சார் பாய் கடையில் நின்றார்கள். துபாய் கேரேஜில் கார்களைத் தரையோடு தரையாக இறக்கிப் பழகிய கை அவருடையது.

"இத பாரு தங்கச்சி, அஞ்சு கம்பி, கருப்பு. பதினேழு இஞ்சு. போட்டா வண்டி மாஷா அல்லாஹ், சிறுத்த மாதிரி நிக்கும்."

பூவிழி வீலைத் தட்டிப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். தீபாவளிச் சேலை எடுப்பவள்போல நாலைந்தை ஒதுக்கிவிட்டு, "இந்தக் கருப்புதாங்க" என்றாள்.

முத்தமிழ்செல்வனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாம். பளபளப்பாக ஒரு வீலைக் காட்டினால் போதும், அப்பனை மறந்துவிடுகிறது பட்டம்.

"ஸ்ப்ரிங்கு?" அன்சார் கேட்டார். "வண்டி ஒசரத்த நாப்பது எம்.எம். எறக்குறதும் இருக்கு, அறுபதும் இருக்கு. ஆனா அறுபதுங்கிறது ஷோவுல நிறுத்துற வண்டிக்குத் தம்பி. அடியில எறும்பு போனாக்கூட குனிஞ்சுதான் போவணும்."

"அறுபதே போடுங்க பாய்."

"பைபாஸ்ல வழுக்கிட்டுப் போவும். ஊர்ப்பக்கம் மதகு, மண்ரோடுன்னு எறங்குனீங்க, அடிவயிறு கிழிஞ்சிரும். அப்புறம் என்னய சொல்லக் கூடாது."

முத்தமிழ்செல்வன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். இங்கேதான் அவள் பதறுவாள் என்று நினைத்திருந்தான்.

"அவரு சொல்றபடியே போடுங்க பாய்" என்றாள் பூவிழி. "இன்னும் எறக்க முடியும்னாலும் எறக்குங்க."

அன்சார் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு வண்டியைத் தூக்கச் சொன்னார்.

அவனுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. வண்டியை இறக்கும் யோசனை அவன் அம்மாவுடையது. 'தர மாட்டேன்' என்றால் நோயாளி மாமனாருக்குக் காரை மறுத்தவன் என்று ஊர் பேசும். 'வண்டி வராது' என்றால் யார் என்ன சொல்வது? சீட்டில் வாந்தியும் மருந்து நெடியும் படியாது. நாளைக்குப் பஞ்சாயத்து என்று வந்தாலும், வீலைப் பொறுக்கியவளும் அவள்தான், ஸ்ப்ரிங்குக்குத் தலையாட்டியவளும் அவள்தான்.

வேலை முடிந்து கார் தரைக்கு வந்தபோது டயருக்கும் அதன் மேலிருக்கும் பாடி விளிம்புக்கும் நடுவே விரல் நுழையவில்லை. முத்தமிழ்செல்வன் சாவியை அவளிடம் தூக்கிப் போட்டான்.

"இந்தா, கேட்டியே! நல்லா ஓட்டு. உங்க ஊரு மதகுலதான் ஏறாது. உங்கப்பன எப்பவும் போல பஸ்ஸுலயே வரச் சொல்லு, என்ன?"

அன்சார் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. "என்ன தம்பி இது..." என்றார்.

பூவிழி அழுவதற்காக முத்தமிழ்செல்வன் காத்திருந்தான். அவள் சாவியால் டிக்கியைத் திறந்தாள். உள்ளேயிருந்து இரண்டு பைகளை எடுத்தாள். ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் அவளுடைய சர்ட்டிபிகேட் ஃபைல். சாவியைக் கார் கூரைமேல் வைத்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"எங்க வூட்டுக்கு. நேத்து அடுப்படியில நீங்களும் உங்கம்மாவும் பேசுனது கேட்டுச்சு. அப்பவே கட்டி வச்ச பைதான் இது. இனிமே அப்பா தரையில படுக்க வேணாம். பஸ்ஸுல நான் தாங்கிப் புடிச்சுக்கிறேன்."

அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். கடைக்காரர் முன்னால் பட்ட அவமானத்தில் முத்தமிழ்செல்வன் அலறினான்.

"போடி போ! எங்க போயிருவ? நாலு பெரிய மனுசனக் கார்ல ஏத்திக்கிட்டு உங்க வாசல்ல வந்து எறங்குனேன்னா, உங்கப்பனே உன் கையப் புடிச்சு அனுப்பி வைப்பான்!"

பூவிழி நிற்காமலே சொன்னாள்:

"மதகுலதான் ஏறாதே. அவங்களையும் பஸ்ஸுலயே கூட்டியாங்க."