வாலுவுக்கு இன்னொரு அம்மா

“அவ வந்தா வரட்டும். வாசல்ல நின்னு ‘வாங்க வாங்க’ன்னு என்னால இளிக்க முடியாது.”

சொல்லிவிட்டுத் தையல் மிஷினை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள் தையற்காரி. ஜன்னலோரம் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்த அவள் கணவர் தலை நிமிரவில்லை.

“ஆகாயத்துல பறந்து நம்ம வீடு தேடி வர்றாங்க. வந்தவங்களை வான்னு சொல்லாம போன்னா சொல்லுவாங்க?”

“நீங்க வேணும்னா தலையில தூக்கி வச்சு ஆடுங்க.”

உள்ளறையில் வாலு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை ‘அம்மா, அம்மா’ என்று கேட்டது. ஒவ்வொரு ‘அம்மா’வுக்கும் இங்கே ஒரு தையல் கோணலாகப் போனது.

கல்லூரிப் பிள்ளைகள் பதினைந்து பேரை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டவைத்து, அந்த ஊர் வீடுகளிலேயே தங்கவைத்து, மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று படிக்கவைக்கும் மூன்று வாரப் பயணம் அது. காலையில் செங்கல், மாலையில் பாடம். வாலுவும் அந்தப் பதினைந்தில் ஒருத்தி. எல்லாம் முடிந்ததும் இரண்டு வீட்டாரும் ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது குழுத் தலைவியின் ஏற்பாடு. அதன்படிதான் இன்று ‘அவள்’ வருகிறாள்.

“காதுல விழுதா? ஒரு நாளைக்கு நாலு தடவை ஃபோன். அப்படி என்னதான் பேசுவாங்களோ!”

“பாசமா பேசுது. பேசட்டுமே.”

“என்கிட்டயும் அம்மா, அவகிட்டயும் அம்மா. ஒரு பொண்ணுக்கு எத்தனை அம்மாங்க?”

“தங்கற வீட்டுல இருக்கறவங்களை அம்மா, அப்பான்னு கூப்பிடணும்னு அந்தத் தலைவியம்மா சொல்லிக்கொடுத்ததுதானே? நோட்டீஸ்லயே அச்சடிச்சிருந்துது. நீயும்தான் படிச்சே.”

தையற்காரி ஊசியில் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொண்டாள். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

“சொல்லிக்கொடுத்துக் கூப்பிடறது ஒண்ணு, மனசாரக் கூப்பிடறது ஒண்ணு,” என்றாள் கொஞ்சம் கழித்து. “எது எதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பாகற்காய் செஞ்சா தட்டு ஓரத்துல தள்ளுது. அவ செஞ்சா மட்டும் இனிக்குமாம்.”

“அவங்க சர்க்கரை போட்டிருப்பாங்க.”

“சிரிக்காதீங்க. செங்கல் தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போன அந்தக் கைக்கு எண்ணெய் தேச்சுவிடறது யாரு? நானா, அவளா?”

“நீதான்.”

“சிமென்ட் ஒட்டின துணியை ஊறவச்சுத் துவைக்கறது?”

“அதுவும் நீதான் தாயே.”

“ரெண்டு சட்டை புதுசா தைச்சு வச்சிருக்கேன். இன்னிக்கு எதைப் போட்டிருக்குன்னு எட்டிப் பாருங்க. அவ வாங்கிக்கொடுத்த நீலச் சட்டை!”

உள்ளேயிருந்து வாலுவின் குரல் கேட்டது. “அம்மா, வேன்ல முன்சீட்ல உக்காரு. பின்னாடி உக்காந்தா உனக்கு வாந்தி வரும்.”

“பார்த்தீங்களா! அவளுக்கு வாந்தி வர்றதுகூடத் தெரியுது. எனக்கு இடுப்பு வலின்னு என்னைக்காவது கேட்டிருக்கா?”

“நேத்து உன் இடுப்புக்குத் தைலம் தேச்சது யாரு?”

“அது வேற,” என்றாள் வெடுக்கென்று. “என்கிட்ட ‘நீங்க, வாங்க’. அவகிட்ட ‘நீ, வா, போ’. அதைக் கவனிச்சீங்களா?”

“உனக்கு மரியாதை கொடுக்குது. அதுவும் குத்தமா?”

“மரியாதையை யாரு கேட்டா?”

கணவர் லென்ஸைக் கழற்றி வைத்தார். “ஏன்டி, எனக்கு ரெண்டு பொண்டாட்டி இருந்தாக்கூட இவ்வளவு சக்களத்திச் சண்டை வராது போலிருக்கே.”

“இருந்து பாருங்களேன். அப்புறம் லென்ஸ் மாட்டறதுக்குக் கண்ணு இருக்காது.”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை மடியில் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்:

“அவ பார்க்கவா வர்றா? பறிச்சுட்டுப் போக வர்றா. அவளைக் கண்டதும் இது என்னை மறந்துடும். ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாப் போதும். அதுக்கு மேல நான் எதுவும் கேட்கலை.”

வெளியே வேன் ஹார்ன் அடித்தது.

வாலு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வாசலைத் தாண்டினாள், கேட்டைத் தாண்டினாள், இறங்கிய பெண்மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். திரும்பியே பார்க்கவில்லை.

நிற்கமாட்டேன் என்று சொன்ன தையற்காரி வாசலில்தான் நின்றாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். உடுப்பின் தோள் தையல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு சின்ன ஆறுதல்.

கடிகாரக்காரர் முன்னால் போய், “வாங்க, வாங்க. பிரயாணம் சௌகரியமா இருந்துதா?” என்றார்.

வந்தவள் அவருக்கு ஒரு தலையசைப்போடு சரி. நேராக வாசலுக்கு வந்து, தையற்காரியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானா அது? உங்ககூட ஒரு சண்டை போடணும்னே வந்தேன்.”

தையற்காரி திகைத்தாள்.

“மூணு வாரமா ஃபோனை எடுத்தா ‘தங்கியிருக்கற வீட்டு அம்மா இப்படி, தங்கியிருக்கற வீட்டு அம்மா அப்படி’ன்னு உங்க புராணம்தான். பத்து மாசம் சுமந்து பெத்த எனக்கு வயிறு எரியாதா, சொல்லுங்க?”