ஹால்வரின் பெயர்

நார்வேக் கடலோர மீனவர் கோயில். உள்ளே பாதிரியார் ஞானஸ்நானத் தண்ணீரோடு காத்திருக்க, குன்ஹில்ட் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பன் பேரோட 'சென்' சேர்த்துத்தானே பிள்ளையைக் கூப்பிடுவாங்க. தோர்ஸ்டைன்சென்னு உன் பேரையே சொல்லிடேன்."

"ஹால்வர்சென்தான்," என்றான் அவள் கணவன் தோர்ஸ்டைன்.

"ஊர் என்ன பேசும்? இவனை மகனா ஏத்துக்க உனக்கு மனசில்ல, அப்படித்தானே?"

தோர்ஸ்டைன் கையிலிருந்த குழந்தையின் போர்வையைச் சரிசெய்தான்.

"உன் மொதப் புருஷன் ஹால்வர் மூழ்கினப்போ நானும் அந்தப் படகுலதான் இருந்தேன். கவிழ்ந்த படகு ஒருத்தரைத்தான் தாங்கும்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. இவன் உன் வயித்துல இருந்தும் அவன்தான் கையை விட்டான். நான் விடல."

தோர்ஸ்டைன் குழந்தையோடு வாசற்படியில் கால் வைத்தான்.

"வளர்க்கப்போறது நான்தான். ஆனா யாரு இவனைக் கூப்பிட்டாலும் அவன் பேரு என் காதுல விழணும்."