மடிச் சோதனை

சோலைமலைக்குக் குமட்டல் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். லாஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் வேறென்ன நினைப்பார்கள்? முதலாளிகள் கிளப்பின் தலைவர் கனகசபாபதி ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். "மோந்து பாருப்பா, சரியாப் போயிரும்."

குமட்டலாவது ஒன்றாவது. சிவகாசியிலிருந்து அவன் சுமந்து வந்த ஒரே ஒரு வாக்கியம் தொண்டையில் மாட்டிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. "மொதலாளி, உக்கிரபாண்டியைத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கோங்க." இவ்வளவுதான்.

உக்கிரபாண்டி அவன் தங்கை மாரித்தாயின் புருஷன். அய்யாதுரை முதலாளியின் வெடிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். போன மாதம் மருந்து காயப்போடும் களத்துக்குப் பின்னால் கிளிப் படம் போட்ட தீப்பெட்டி ஒன்று கிடந்தது. பக்கத்தில் நின்றவன் அவன். கம்பெனிக்குள் தீப்பெட்டி என்றால் அப்புறம் பேச்சே கிடையாது, அன்றோடு சீட்டுக் கிழிந்தது. போர்மேன் என்ற முறையில் அவனை வாசல் வரை கொண்டுபோய் விட்டவன் சோலைமலையேதான்.

"மச்சான், இந்தக் கிளிப் படம் வடக்க போற ஆர்டரு. இங்கன எந்தக் கடையிலயும் கிடைக்காது. எனக்கு மட்டும் எங்கிட்டிருந்து வரும்?" என்று அவன் அழுதான். தீப்பெட்டியோடு பிடிபட்டவனை வேறெந்தக் கம்பெனியும் சேர்க்கக்கூடாது என்பது முதலாளிகள் கிளப்பின் கட்டுப்பாடு. மாரித்தாய் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் கிளப்புதான் இப்போது தூத்துக்குடியில் லாஞ்சை வாடகைக்குப் பிடித்து, ராத்திரி முழுக்கத் தூண்டில் போட வந்திருந்தது. எப்படியாவது நல்ல நேரம் பார்த்து முதலாளியிடம் கேட்டுவிடலாம் என்று சோலைமலையும் ராக்கெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டான். முதல் பெரிய மீன் மாட்டியதும் வானத்தில் விடத்தான் ராக்கெட்.

வெடி இருக்கிற இடத்தில் தீப்பெட்டி இருக்கலாமா? கம்பெனி வாசலில் செய்வது போலவே, கரையில் சோலைமலையைக் கொண்டு எல்லாருக்கும் மடிச் சோதனை போட வைத்தார்கள். அய்யாதுரை முதலாளி எப்போதும்போலக் கிராம்பை மென்றுகொண்டு பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். லாஞ்சு ஓட்டும் தண்டலின் தீப்பெட்டியும் பறிபோயிற்று.

"கடலுக்குத் தீ இல்லாமப் போகக்கூடாதுங்க" என்றார் தண்டல்.

"அதான் அரிக்கேன் எரியுதுல்ல? ராக்கெட்டையும் அதுலயே பத்தவச்சுக்கிருவோம்" என்றார் கனகசபாபதி.

நடுச்சாமத்தில் பக்கவாட்டில் ஓர் அலை வந்து விழுந்தது. அரிக்கேன் அணைந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து அதுவும் படுத்துவிட்டது. சரி, விடியட்டும் என்று ஈரத்தோடு உட்கார்ந்தபோதுதான் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கும் ஒரு பச்சை விளக்கும் தெரிந்தன.

"சரக்குக் கப்பலு" என்றார் தண்டல். "ரெண்டு வெளக்கும் சேந்து தெரியுது. அப்ப நேரா நம்ம மேலதான் வருது. நாம கெடக்குறது அவனுக்குத் தெரியாது."

"ராக்கெட்டை விடச் சொல்லுங்க."

"எதை வச்சு விட?"

ஆளாளுக்கு மடியைத் தடவினார்கள். நாடு முழுக்கத் தீக்குச்சி அனுப்புகிற ஊர்க்காரர்கள், ஒருவரிடமும் ஒரு குச்சி இல்லை. பின்பக்கத்தில் கூடி நின்று துண்டை வீசிக் கத்தினார்கள். அந்தக் கும்மிருட்டில் துண்டு யார் கண்ணில் படும்?

சோலைமலை முன்பக்கம் ஓடி, பெட்டிக்குள் நனையாமல் இருந்த ராக்கெட்டை நட்டு வைத்துவிட்டுத் திரியைப் பிடித்தபடி உட்கார்ந்தான். இன்ஜின் அறை மறைத்ததில் மற்றவர்கள் அவன் கண்ணில் படவில்லை. மடி நிறைய மருந்து, பற்றவைக்க ஒரு பொறி இல்லை. இவ்வளவு கையாலாகாதவனாக அவன் ஒருநாளும் இருந்ததில்லை. கப்பலின் இரைச்சல் காலடிப் பலகையில் அதிர்ந்தது. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசாமலே போகப் போறோமே என்று நினைத்துக்கொண்டான்.

இருட்டில் யாரோ அவனை ஒட்டி வந்து குந்தினார்கள். கிராம்பு வாசம், அதற்கடியில் லேசாகச் சிகரெட் நெடி. பாலிதீன் உறை பிரியும் சத்தம், பிறகு சரக்கென்று ஓர் உரசல் கேட்டது. குச்சி எரிந்த வெளிச்சத்தில் முதலாளியின் முகம் தெரிந்தது, அவர் விரலிடுக்கில் கிளிப் படமும் தெரிந்தது.

திரி பற்றியது. ராக்கெட் சீறிப்போய் உச்சியில் வெடித்துச் சிதறியது. இன்னொரு குச்சி, இன்னொரு ராக்கெட். கப்பல் நீளமாக ஊதியது. பச்சை விளக்கு மெல்ல மறைந்தது, சிவப்பு மட்டும் நின்றது. கூப்பிடு தூரத்தில் அது ஒதுங்கிக் கடந்து போயிற்று.

சோலைமலைக்கு அழுகை வந்தது. உயிர் தப்பியதற்காக மட்டும் இல்லை. இனி யாரிடமும் கெஞ்ச வேண்டாம். களத்துக்குப் பின்னால் கிடந்த பெட்டி யாருடையது என்று முதலாளிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காலையில் மாரித்தாய் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். தொண்டையில் மாட்டியிருந்தது தானாக வெளியே வந்தது.

"மொதலாளி, உக்கிரபாண்டி..."

"ஏய்யா, யாருகிட்டய்யா தீப்பெட்டி இருந்துச்சு?" கனகசபாபதியின் குரல் குறுக்கிட்டது. இன்ஜின் அறையைச் சுற்றிக்கொண்டு காலடிகள் நெருங்கின.

முதலாளியின் கை இருட்டில் சோலைமலையின் கையைத் தேடிப் பிடித்தது. தீப்பெட்டியை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.

"ஒன்னோடதுன்னு சொல்லிரு, சோலைமலை."