சுண்டுவிரல்

திரையில் அம்மன் தோன்றும்போது, தங்கள் நிழல் அவள்மேல் விழக் கூடாதென்று பிள்ளைப்பாக்கம் டூரிங் டாக்கீஸில் எவரும் எழுந்து நிற்பதில்லை. அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் கைக்குழந்தை வீறிட்டால்கூடத் தாய் உட்கார்ந்தபடியேதான் தட்டிக்கொடுப்பாள்.

காய்ச்சலில் கொதிக்கும் மகனை மடியில் போட்டுக்கொண்டு மணல் தரையில் தவித்துக்கொண்டிருந்தாள் ராஜம்மா. படத்தில் அம்மன் உள்ளங்கையில் சுடர் ஏந்தி, நோயுற்ற குழந்தையைத் தொட்டு எழுப்புவாள். அந்த ஒளி தன் பிள்ளைமேல் பட்டால் போதும் என்று நேற்றும் வந்தாள், இன்றும் வந்திருக்கிறாள்.

“ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போம்மா. புள்ளைக்கு மூச்சு வாங்குது பாரு,” என்றார் அருகிலிருந்த ஏசுதாஸ். பக்கத்து வீட்டு லூர்து மேரியைப் பார்க்க மதராஸிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன். படம் தொடங்கியதிலிருந்தே இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

“நீ வேதக்காரரு. எங்க ஆத்தா மகிமை உனுக்கு இன்னாண்ணே தெரியும்? கம்முனு குந்து.”

அம்மனின் கை திரை முழுவதும் விரிந்தது. சுடர் எழுந்தது. சற்றே வளைந்த அந்தச் சுண்டுவிரலைக் கண்டதும் கொட்டகையே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ராஜம்மா பிள்ளையை உயர்த்திப் பிடித்தாள். அவன் கண்கள் செருகின.

ஏசுதாஸ் எழுந்தார்.

“யோவ், குந்துய்யா! ஆத்தா வர்றா!”

அவர் உட்காரவில்லை. ஒளிக்கற்றைக்குள் தன் கையைத் தூக்கினார். அம்மன் கையருகே அதன் நிழல் விழுந்தது. அதே சுண்டுவிரல், அதே வளைவு.

“அது என் கைம்மா. சினிமாவுல சாமிய வரவைக்கிறதுதான் என் தொழிலே. கையத் தனியா, தீயத் தனியா படம் புடிச்சு ஒண்ணாச் சேத்தேன். எந்திரிம்மா!”

திரையில் அம்மன் இன்னும் அருள்பாலித்துக்கொண்டிருக்கையிலேயே, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜம்மா எழுந்தாள்.